குழாய்க்குள் ஒரு தறி

எடப்பாடி, கொங்கணாபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவர்களுக்கும், அந்தப் பண்ணைகளில் தண்ணீர் லைனைப் பார்த்துக்கொள்ளும் வேலையாட்களுக்கும் எழுதுவது.

உங்கள் ஷெட்டில் கூண்டு வரிசையின் கடைக்கோடிக்குப் போய், நிப்பிள் குழாயின் மூடியைக் கழற்றுங்கள். விரலை உள்ளே விட்டுக் குழாயின் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒட்டினால் இந்த மடல் உங்களுக்கானது. விரல் வறட்டென்று உராய்ந்தால் உங்கள் பண்ணையில் யாரோ ஒருவர் மனம் வைத்து வேலை செய்கிறார். அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

அந்த வழவழப்பைப் பாசி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாசி வளர வெளிச்சம் வேண்டும். மூடிய குழாய்க்குள் வெளிச்சம் ஏது? அங்கே ஒட்டியிருப்பவை பாக்டீரியாக்கள். தண்ணீரில் தனித்தனியாக மிதந்து வந்தவை சுவரில் இறங்கி, தாங்களே சுரந்த பசைக்குள் புதைந்து, அடுக்கடுக்காகக் குடியேறியிருக்கின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். நான் எடப்பாடியில் தறிக் குடும்பத்தில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்து, அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவன். கோழியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் காலே அரைக்கால் பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படலம் எப்படி உருவாகிறது என்பது தெரியும். அது தெரியாததால் நம் பண்ணைகளில் மருந்தும் பணமும் வீணாவதைப் பார்க்க மனம் ஆறவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் மருந்தைக் கலந்துவிட்டால் லைன் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். படலத்தை உரித்து எடுத்த பிறகுதான் கிருமிநாசினிக்கு வேலை. இந்த வரிசை மாறினால் காசும் போகும், கிருமியும் தங்கும். ஏன் என்று விளக்கத்தான் மீதி மடல்.

குழாய்ப் படலத்தில் பலவகை பாக்டீரியாக்கள் இருக்கும். பெரும்பாலானவை கோழிக்கும் நமக்கும் கெடுதல் செய்யாதவை. ஆனால் அந்தக் கூட்டத்தோடு நோய் உண்டாக்கும் சால்மொனெல்லா வந்து ஒட்டிக்கொண்டால் கதை வேறு. சால்மொனெல்லா தன்னைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பொருள்களில் முக்கியமான ஒன்று செல்லுலோஸ். கொங்கணாபுரம் ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பருத்தியின் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருப்பதும் அதே செல்லுலோஸ்தான்.

செல்லுலோஸ் என்பது வேறொன்றுமில்லை, குளுகோஸ் சர்க்கரையை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீளச் சங்கிலி. நம் வட்டாரத்தில் இன்னொரு குளுகோஸ் சங்கிலியும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மரவள்ளிக் கிழங்கின் மாவு. ஜவ்வரிசி ஆலைகளில் பிழிந்தெடுக்கும் ஸ்டார்ச், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஸ்டார்ச், உங்கள் தீவன மில்லில் அரைபடும் மக்காச்சோளத்தில் உள்ள ஸ்டார்ச், எல்லாமே குளுகோஸ் கோவைதான். கோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. ஸ்டார்ச்சில் குளுகோஸ்கள் ஒரே முகமாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி சுருண்டுகொள்கிறது. தண்ணீரில் ஊறி, கோழியின் குடலில் உள்ள நொதிகளுக்கு எளிதில் பிடிபட்டு உடைகிறது. செல்லுலோஸில் ஒவ்வொரு குளுகோஸும் முந்தையதற்கு நேர்மாறாக, தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நீட்டி நிமிர்கிறது. பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கிப் பிணைந்து நாராகிறது. கோழியாலும் அதைச் செரிக்க முடியாது, நம்மாலும் முடியாது. மக்காச்சோளம் தின்று முட்டையிடும் கோழி பஞ்சைத் தின்றால் பட்டினிதான் கிடக்கும். ஒரு பிணைப்பின் கோணம் மாறியதில் ஒன்று தீனியானது, இன்னொன்று துணியானது.

செடிகள் மட்டுமே செல்லுலோஸ் செய்யும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1886-இல் ஏட்ரியன் ஜான் பிரவுன் என்ற ஆங்கில வேதியியலாளர், காடி புளிக்கும்போது மேலே மிதக்கும் தடித்த ஏட்டை ஆராய்ந்தார். அந்த ஏடு முழுவதும் செல்லுலோஸ் என்றும், அதை உண்டாக்குவது காடியில் வாழும் ஒரு பாக்டீரியா என்றும் காட்டினார். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து பிலிப்பைன்ஸ் நாட்டவர் செய்யும் 'நாட்டா டி கோகோ' என்ற மெல்லும் பண்டம் இந்த வகைப் பாக்டீரியாவின் வேலைதான். இப்போது நகரங்களில் விற்கும் கொம்புச்சா பானத்தின் மேல் மிதக்கும் தட்டும் அதே வகைதான். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பில் தங்கினால்தான் காற்று கிடைக்கும். அங்கே மிதந்து தங்குவதற்கு அது தானே ஒரு விரிப்பைச் செய்துகொள்கிறது. தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் போடும் மெல்லிய ஈரத் திரைகூட இந்தச் செல்லுலோஸிலிருந்து செய்யப்படுகிறது. ஆகவே பாக்டீரியா செய்யும் செல்லுலோஸ் தன்னளவில் கெட்ட பொருள் அல்ல. யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாக்டீரியா செல்லுலோஸை எப்படிச் செய்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பகுதி. பாக்டீரியாவின் சவ்வில் பி.சி.எஸ்.ஏ. என்ற புரதம் பதிந்திருக்கிறது. செல்லுக்குள்ளிருந்து வரும் குளுகோஸ்களை அது ஒவ்வொன்றாக வாங்கி, சங்கிலியின் நுனியில் கோக்கிறது. கோத்த கையோடு, தன் உடலுக்குள்ளேயே இருக்கும் ஒரு குறுகிய துளை வழியாகச் சங்கிலியை ஒரு குளுகோஸ் அளவு வெளியே தள்ளுகிறது. கோப்பதும் தள்ளுவதும் ஒரே புரதத்தின் வேலை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் யோகன் சிம்மர் குழுவினர் இந்தப் புரதத்தை, பாதி பின்னிய சங்கிலி துளைக்குள் இருக்கும் நிலையிலேயே படிகமாக்கி, அணு அணுவாக அதன் வடிவத்தை 2013-இல் வெளியிட்டார்கள்.

இந்தப் புரதம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அதற்கு ஒரு விசை உண்டு. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மோஷே பென்சிமான் குழு காடிப் பாக்டீரியாவில் அந்த விசையைத் தேடி, 1987-இல் கண்டுபிடித்தது. இரண்டு சிறு அலகுகள் வளையமாகக் கைகோத்த ஒரு மூலக்கூறு. பெயர் சைக்ளிக் டை-ஜிஎம்பி. அது வந்து ஒட்டினால் புரதத்தின் வாயிலை மறித்திருக்கும் பகுதி விலகி, குளுகோஸ் உள்ளே நுழைகிறது. அது இல்லாவிட்டால் கதவு சாத்தியே கிடக்கும். செல்லுலோஸுக்காகத் தேடிக் கண்ட இந்த மூலக்கூறு எண்ணற்ற பாக்டீரியாக்களில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. 'நீந்தித் திரிவதா, இறங்கிக் குடியேறுவதா' என்ற முடிவை அவை இதன் அளவைக் கொண்டே எடுக்கின்றன. அளவு குறைந்தால் நீச்சல், கூடினால் குடியிருப்பு.

சால்மொனெல்லாவுக்கு இப்போது வருகிறேன். அது செல்லுலோஸ் செய்கிறது என்பது உட்டே ரோம்லிங் குழுவினரால் 2001-இல்தான் உறுதியானது. சால்மொனெல்லா இன்னொரு இழையையும் செய்கிறது. கர்லி என்ற புரத இழை. சி.எஸ்.ஜி.டி. என்ற ஒரே கட்டுப்பாட்டுப் புரதம் இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவைக்கிறது: கர்லிக்கான மரபணுக்களை எழுப்புகிறது, கூடவே நான் மேலே சொன்ன விசை மூலக்கூறைச் செய்யும் புரதத்தையும் எழுப்புகிறது. கர்லி மட்டும் இருந்தால் படலம் எளிதில் நொறுங்கும். செல்லுலோஸ் மட்டும் இருந்தால் பிடிமானம் இருக்காது. பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி என்பது உங்களில் தறி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழாய்க்குள் நடப்பதும் அந்த நெசவுதான்.

இந்த நெசவைக் கண்டுபிடித்த விதமும் நம்ம ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஜெர்மானிய வேதியியலாளர் பால் போட்டிகர் 1883-இல் காங்கோ சிவப்பு என்ற சாயத்தைச் செய்தார். அதுவரை பருத்தியில் சாயம் பிடிக்க முதலில் வேறு உப்பில் நூலை ஊறவைக்க வேண்டியிருந்தது. இது அப்படியில்லாமல் நேரடியாகப் பருத்தியைப் பற்றிக்கொண்டது. பென்சிடினிலிருந்து செய்யப்படும் இந்த வகைச் சாயங்கள் புற்றுநோய் தருபவை என்பதால் இந்தியா 1990-களில் அவற்றைத் தடைசெய்தது. பட்டறைகளை விட்டுப் போய்விட்டன. ஆனால் ஆய்வகங்களில் காங்கோ சிவப்பு இன்றும் இருக்கிறது. அது கலந்த தட்டில் சால்மொனெல்லாவை வளர்த்தால், கர்லியும் செல்லுலோஸும் செய்யும் கூட்டம் சிவந்து, வறண்டு, சுருக்கம் சுருக்கமாக எழும்பும். இரண்டும் செய்யாத கூட்டம் வெளுத்து வழவழவென்று கிடக்கும். துணிக்கு வெண்மை ஏற்ற நாம் போட்ட டினோபாலின் குடும்பத்தைச் சேர்ந்த கால்கோஃபுளோர் என்ற பொருளையும் தட்டில் கலப்பார்கள். செல்லுலோஸ் இருந்தால் புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். வேட்டியில் வெண்மையைக் காட்டும் பொருள் கிருமியின் துணியையும் காட்டிக்கொடுக்கிறது.

சால்மொனெல்லாவின் செல்லுலோஸ் பருத்தியுடையதைப் போலவே அப்படியே இருக்கிறதா? இல்லை என்று 2018-இல்தான் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டின் லினெட் செகெல்ஸ்கியும் பெர்லினின் ரெகினே ஹெங்கேயும் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஈ.கோலை, சால்மொனெல்லா ஆகியவற்றின் செல்லுலோஸில் ஏறக்குறையப் பாதி குளுகோஸ்களின் மேல் பாஸ்போஎத்தனாலமின் என்ற சிறு தொங்கல் ஒட்டியிருப்பது வெளிப்பட்டது. அதுவரை செல்லுலோஸைப் பிரித்தெடுக்கக் காய்ச்சியும் அமிலம் ஊற்றியும் வந்ததால் அந்தத் தொங்கல் உதிர்ந்துபோய், யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. தொங்கல் உள்ள நார், கர்லியோடு சேர்ந்து மேலும் உறுதியான பின்னலாகிறது. பருத்தியைவிட இது குழாய்ச் சுவருக்கென்றே செய்யப்பட்ட சரக்கு.

இனி உங்கள் பண்ணைக்குள் வருவோம். சால்மொனெல்லா எப்போது நெய்யும், எப்போது நிறுத்தும்? பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே, தீனி குறைந்த இடத்தில் நெய்கின்றன. ஆய்வகத்தில் 28 டிகிரியில் வைத்துத்தான் அந்தச் சிவந்த சுருக்கத்தைப் பார்க்கிறோம். கோழியின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டியது. அதாவது கோழிக்குள் இருக்கும்போது தறி நின்றுவிடுகிறது. எச்சத்தோடு வெளியே வந்து ஈரமான, சூடு குறைந்த இடம் கிடைத்ததும் ஓடத் தொடங்குகிறது. உடலுக்குள் செல்லுலோஸ் அதற்கு இடைஞ்சல்கூட. வெள்ளை அணுக்களுக்குள் புகுந்த சால்மொனெல்லா செல்லுலோஸை அடக்கினால்தான் நோயை முழு வலுவோடு உண்டாக்க முடிகிறது என்று 2015-இல் அமெரிக்காவில் எடுவார்டோ குரோயிஸ்மன் குழு காட்டியது. ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் இரத்தத்தில் புகுந்து உயிரைக் குடிக்கும் எஸ்டி313 என்ற சால்மொனெல்லா வகை, இந்த நெசவை ஒழுங்காகச் செய்யும் திறனையே இழந்துவிட்டது. ஆள்விட்டு ஆள் தாவும் வாழ்க்கைக்கு அது தேவைப்படவில்லை போலும். நம் பண்ணைகளில் வரும் சால்மொனெல்லா வகைகள் பல அப்படியல்ல. ஒரு பேட்ச் கோழிக்கும் அடுத்த பேட்ச் கோழிக்கும் இடையில் அவை எங்கேயாவது காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்துக்குத்தான் இந்தத் துணி.

எவ்வளவு காலம் காத்திருக்கும்? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஆரன் வைட், மைக்கேல் சுரெட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கர்லியும் செல்லுலோஸும் போர்த்திய சால்மொனெல்லா பிளாஸ்டிக்கின் மேல் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு கிடந்தது. 'ஷெட்டைக் காலி பண்ணி ரெண்டு வாரம் காயப்போட்டோம்ங்க' என்று சொல்லும்போது நான் கவலைப்படுவது இதனால்தான். காயப்போடுவது நல்லது. ஆனால் படலத்தோடு காயப்போட்டால் போதாது.

இப்போது குளோரின். ஸ்பெயினில் இனியிகோ லாசா குழுவைச் சேர்ந்த கிறிஸ்டினா சொலானோவும் பிறரும் 2002-இல் முட்டையோடு தொடர்புள்ள சால்மொனெல்லா எண்டரைடிடிஸ் வகையை எடுத்துக்கொண்டார்கள். செல்லுலோஸ் செய்யும் மரபணுவைச் செயலிழக்கவைத்த கிருமிகளையும் இயல்பான கிருமிகளையும் குளோரினில் விட்டுப் பார்த்தார்கள். செல்லுலோஸ் இல்லாதவை குளோரினுக்கு எளிதில் மடிந்தன. இருந்தவை கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. அதற்கு முன்பே, 1994-இல், அமெரிக்காவின் மான்டானாவில் பிலிப் ஸ்டூவர்ட் உள்ளிட்டோர் முடியளவு மெல்லிய மின்முனையை உயிர்ப்படலத்துக்குள் செருகி, உள்ளே எவ்வளவு குளோரின் போகிறது என்று அளந்தார்கள். அது சால்மொனெல்லா அல்ல, வேறு பாக்டீரியாக்களின் படலம். அங்கேயும் வெளியே தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் படலத்துக்குள் இருந்தது. குளோரின் உள்ளே புகுவதற்குள் வெளி அடுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. நீங்கள் அளவைக் கூட்டக் கூட்ட வெளி அடுக்குதான் வெந்துபோகும். அடியில் இருப்பவை மறுநாள் மீண்டும் நெய்யத் தொடங்கும்.

நம் போர் தண்ணீர் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. பிளீச்சிங் பவுடரோ சோடியம் ஹைப்போகுளோரைட்டோ கலக்கும்போது கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். தண்ணீரின் பி.எச். 7.5 என்றால் குளோரினில் பாதிதான் அந்த வடிவில் இருக்கும்; 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடினத்தன்மை உள்ள தண்ணீர் குழாயின் உள்ளே சுண்ணாம்புப் படிவை உண்டாக்கும். அந்தச் சொரசொரப்பு பாக்டீரியாக்கள் வந்து ஒட்ட நல்ல இடம். ஆகவே 'பக்கத்துப் பண்ணைக்காரர் போடும் அளவு' உங்கள் பண்ணைக்குச் சரிவராது. பி.எச். தாளும் குளோரின் அளக்கும் சொட்டு மருந்தும் விலை அதிகமில்லை; வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்கோழிப் பண்ணையில் படலம் தடிப்பதற்குச் சில காரணங்கள் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன. கறிக்கோழி ஷெட் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை காலியாகும். முட்டைக்கோழி கூண்டில் ஏறினால் ஓராண்டுக்கு மேல் இறங்குவதில்லை. ஆற அமர லைனைக் கழுவ வாய்ப்பே அரிது. நிப்பிள் குழாயில் அழுத்தம் குறைவாக வைக்கிறோம்; கோழி கொத்தும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக நகரும் தண்ணீர் மற்ற நேரத்தில் நின்றுகிடக்கிறது. நிற்கும் தண்ணீரில் படலம் அமைதியாக வளரும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரில்தான் வைட்டமின், குளுகோஸ், மருந்து எல்லாம் கலக்கிறோம். வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும்போது, உயிருள்ள தடுப்பூசியைக் குளோரின் கொன்றுவிடாமலிருக்க லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போடுகிறோம். அது சரியான முறைதான். தடுப்பூசிக்கு அது அவசியம். ஆனால் தடுப்பூசி முடிந்த பிறகு அந்தப் பால் குழாயிலேயே தங்கினால், பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. தடுப்பூசி முடிந்த அன்றே, மருந்து முடிந்த அன்றே லைனை வேகமான தண்ணீரால் அலசித் தள்ளுங்கள். இந்த மடலில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள்.

ஷெட் காலியாகும் அபூர்வ நாள்கள் வரும்போது வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அழுத்தமான தண்ணீரால் லைனை அலசுங்கள். பிறகு படலத்தை உரிக்கும் பொருள். குழாய்க்கென்றே நிலைப்படுத்தி விற்கப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, காலி ஷெட்டில் நல்ல தேர்வு. அது படலத்துக்குள் குமிழியாகப் பொங்கி அதைச் சுவரிலிருந்து பெயர்க்கும். சொன்ன அளவில் ஊற்றி, சொன்ன நேரம் ஊறவிட்டு, எல்லா நிப்பிளிலும் சொட்டுகிறதா என்று பார்த்து, மறுபடி வேகமாக அலசுங்கள். பெயர்ந்த படலம் நிப்பிளை அடைக்கும். அதையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்றால் தனியாக, வேறொரு நாளில் கழுவுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு குளோரின். கோழி ஏறிய பிறகு, கடைசி நிப்பிளில் எடுத்த தண்ணீரில் 2 முதல் 5 பிபிஎம் குளோரின் இருந்தால் போதும். தொட்டியில் அளந்து பயனில்லை. கோழி இருக்கும்போது வேறு என்ன போடலாம், எவ்வளவு போடலாம் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

வேலையாட்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலை எரிக்கும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பெராக்சைடு கரைசல் கையில் பட்டால் தோல் வெந்துவிடும்; கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள். முதலாளிகளே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் லேபிளோ ஆங்கில லேபிளோ படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் மொழியில் யாரையாவது வைத்துச் சொல்லவையுங்கள். கையுறை வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

தொட்டியையும் கவனிக்க வேண்டும். சின்டெக்ஸ் தொட்டியின் மூடி காற்றில் பறந்து மாதக்கணக்கில் திறந்து கிடப்பதை எத்தனையோ பண்ணைகளில் காணலாம். பல்லியின் குடலில் சால்மொனெல்லா சாதாரணமாக வாழ்கிறது. எலி, முட்டைக்கோழிப் பண்ணைகளில் எண்டரைடிடிஸ் வகையைச் சுமந்து திரியும் முக்கிய விலங்கு. எலிப்புழுக்கையும் பல்லி எச்சமும் விழும் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கினால், குழாயை எத்தனைமுறை உரித்தாலும் புதிய விதை வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து ஆன்டிபயாடிக். கழிச்சல் தெரிந்தால் தண்ணீரில் மருந்து, வெயில் கூடினால் மருந்து, முட்டை குறைந்தால் மருந்து என்ற பழக்கம் நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. படலத்தின் வழியாகப் போகும் ஒவ்வொரு மருந்தும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லாத குறைந்த அளவில் தொட்டுச் செல்கிறது. எதிர்ப்புச் சக்தியை அவற்றுக்குப் பழக்கிக் கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நெருக்கமாகக் குடியிருப்பதால் அந்த எதிர்ப்புக்கான மரபணுவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிக்கொள்வதும் அங்கே எளிது. மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் கொலிஸ்டினை, கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. அந்தத் தடையின் நியாயத்தை ஏற்றுக்கொள்ளும்படி உங்களை வேண்டுகிறேன். நாளை உங்கள் வீட்டிலேயே ஒரு பச்சைக்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தால், அதற்குத் தேவைப்படும் மருந்து அதுவாக இருக்கலாம்.

இதைப் படிக்கும் முட்டை வாங்குகிறவர்கள் யாரும் பயப்பட வேண்டியதில்லை. நன்றாக வெந்த முட்டையில் சால்மொனெல்லா உயிரோடு இருக்காது. மஞ்சள்கரு ஒழுகும் ஆஃப்பாயிலைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்காமல் இருங்கள், அவ்வளவுதான். பண்ணையாளர்களுக்கு இதில் பெரிய பாடம் பிரிட்டனில் இருக்கிறது. 1988-இல் அந்நாட்டு அமைச்சர் ஒருவர் முட்டையில் சால்மொனெல்லா என்று பேசியதும் முட்டை விற்பனை சரிந்தது, கோழிகள் அழிக்கப்பட்டன. பண்ணையாளர்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி, எலிக் கட்டுப்பாடு, சுகாதார விதிகள் எல்லாம் சேர்ந்து 1998-இல் சிங்க முத்திரை முறை வந்தது. 2017-இல் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பே, அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகள்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அறிவித்தது. மறுபக்கம், 2010-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு பண்ணைகளிலிருந்து போன 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சால்மொனெல்லாவால் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நம் முட்டை சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. அப்படி ஒரு நிலை நமக்கு வந்தால் ஒரு பண்ணையோடு நிற்காது.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வழக்கமாகத் தொட்டியிலிருந்தோ போரிலிருந்தோ பாட்டிலில் பிடித்துக்கொடுக்கிறோம். அந்தத் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். ரிப்போர்ட்டும் நன்றாகவே வரும். அடுத்த முறை மூன்று பாட்டில் எடுத்துப் போங்கள்: தொட்டியிலிருந்து ஒன்று, லைனின் நடுவிலிருந்து ஒன்று, கடைசி நிப்பிளிலிருந்து ஒன்று. கூடவே கடைக்கோடிக் குழாயின் உள்சுவரைத் துடைத்த பஞ்சுக் குச்சியும் ஒன்று. அதை எப்படி எடுப்பது, எதில் வைத்துக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சால்மொனெல்லாவுக்கும் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதிக்கொடுங்கள். மூன்று பாட்டில்களிலும் பாக்டீரியா எண்ணிக்கை எங்கே ஏறத் தொடங்குகிறதோ, அந்த இடத்திலிருந்து குழாயைக் கழற்றிக் கழுவத் தொடங்கலாம்.

அன்புடன்,
எடப்பாடிக்காரன் ஒருவன்